முதலாம் கணேசனின் கோட்டைக் கதவு

ராஜ்யம் நடத்துகிறவன் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தே ஆக வேண்டுமென்றால், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சத்தம் போட்டு ஆட்சி செய்யக் கூடாது. இந்த இரண்டு விஷயமும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அந்த வாரம் வந்திருக்காது.

அப்போது நான் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மனைவி மகாலட்சுமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதால், மடவார் வளாகத்தில் இருக்கும் அவள் அப்பா வீட்டிலேயே தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு. இதற்கு முன்னால் ஒரு தடவை எங்களுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினோம், மெதுவாகச் சிரித்தோம். வளையல் வாங்கப் போனதைக்கூட அவள் போனில் ரகசியம் போலத்தான் சொன்னாள்.

எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் உச்சி வெயிலில் முழிப்பு வந்துவிடும். எங்கள் தெருவுக்கு அந்த நேரம் ஒரு குணம் உண்டு. நாய்கூடக் குரைக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிடும். சில நாள் மலைக்காற்றும் நின்று, வேப்பமரத்தில் ஓர் இலை அசையாது. உச்சி வேளையில் வெளியே போகாதே என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்களே, அது எதற்கு என்று புரிகிற மாதிரி ஓர் அமைதி. அந்த அமைதியில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய லேப்டாப்பில் நான் ஒரு ராஜ்யம் ஸ்தாபித்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு இதுதான். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு காடு, பல நூறு வருஷத்துக்கு முன்னால். கையில் ஒரு மாட்டு வண்டி, நாலைந்து குடும்பம். மரம் வெட்ட வேண்டும், குடிசை போட வேண்டும், கோதுமை விதைக்க வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும். ஜனம் பெருகினால் நீ ராஜா. பசித்தால் ஓடிப்போய்விடுவார்கள். (மில்லில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் அப்படித்தான், ஆனால் அங்கே சுவர் எழுப்ப மேனேஜ்மென்ட் பணம் தராது.) எந்த ஆளை கிளிக் செய்தாலும் அவன் பெயர், தொழில், வயிறு நிறைந்திருக்கிறதா, ராஜா மேல் விசுவாசமா என்று ஒரு சின்னக் கட்டத்தில் வரும். பெயரை நாமே மாற்றிக்கொள்ளலாம். நான் விடுவேனா? தலைநகரம் கணேசபுரம். கோதுமை விளைகிற ஊர் செட்டியார்பட்டி. எங்கள் மில் மேனேஜரைப் பன்றி மேய்க்கவிட்டேன். மன்னர், முதலாம் கணேசன். ராணி, மகாலட்சுமி. ராணி கர்ப்பமாக இருப்பதாக விளையாட்டே ஒரு நாள் சொன்னது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகச் சொன்னது. அன்றைக்கு அது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கத்து ராஜ்யம் காளிராஜுடையது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட் வைத்திருக்கும் என் கூட்டாளி. அங்கிருந்தே ஆன்லைனில் வருவான். அவன் பேசும்போது பின்னால் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும். அவனுக்கு நான் கோதுமை அனுப்புவேன், அவன் எனக்கு இரும்பு அனுப்புவான். இரண்டு வல்லரசுகளும் இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் கணேசபுரத்தில் மணி அடித்தது. கொள்ளைநோய். எல்லைக் கிராமத்தில் இரண்டு வீட்டின் மேல் கறுப்புக் கொடி. நான் உடனே கோட்டைக் கதவை மூடினேன். மூடிவிட்டுப் பார்த்தால் கதவுக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள். மஞ்சள் உடை, தலையை மூடியிருந்தாள். மற்ற பொம்மைகளெல்லாம் சும்மா இருக்காமல் அங்கும் இங்கும் அலையும். இவள் அசையவில்லை. ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து நின்றாள். கிளிக் செய்தேன். கட்டம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தொழில் இருக்க வேண்டிய இடமும் காலி.

நான் காளிராஜிடம் பேசினேன். ஹெட்செட் போட்டிருப்பதால் அவன் பேசுவது வீட்டில் யாருக்கும் கேட்காது. நான் பேசுவது மட்டும் கேட்கும்.

"ஏலே காளி, நம்ம ஊருக்கு அம்மை வந்துட்டுலே."

(கொள்ளைநோய் என்று சொல்லியிருக்கலாம். பிளேக் என்று சொல்லியிருக்கலாம். எம்.எஸ்ஸி. படித்தவன் வாயில் அந்த நேரத்தில் வந்தது அம்மை.)

"ஆமாலே, கதவ அடைச்சிட்டேன். ஒரு பொம்பள வாசல்லயே நிக்கா. மஞ்சச் சேல. போக மாட்டேங்கா. பேரா? பேரே இல்லலே. மூஞ்சியும் தெரியல. எம்புட்டு நேரமா நிக்காளோ!"

பின்னால் தம்ளர் விழுந்து உருண்டது. திரும்பினேன். எனக்கு மோர் கொண்டுவந்த அம்மா தரையெல்லாம் மோராக, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள்.

"தாயே," என்றாள்.

"எம்மா, இது கேம்மா. கம்ப்யூட்டர்ல."

"கேம்ல வந்தா என்ன, கெனாவுல வந்தா என்ன? வந்தவ வந்தவதான். இல்லைன்னு சொல்லப்பிடாதுலே. வாசல்ல நிக்கவச்சுக்கிட்டு யாருன்னு கேக்கியே, ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்?"

நான் எழுந்து விளக்கம் சொல்வதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். கேட்டில் வேப்பங்கொத்து ஏறியது. நிலைப்படிக்கு மஞ்சள் தண்ணீர். அடுப்பில் தாளிப்பு நின்றது. எதிர்வீட்டு ஓபுளம்மா அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மவாரு வந்திருக்காங்களா?" என்று கிசுகிசுத்தார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் அம்மை வந்தால் நோய் என்று யாரும் சொல்வதில்லை. அம்மா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வேப்பிலை கட்டிவிட்டு, மன்னிக்கவும், அவள் வரவில்லை என்று அவிழ்க்க முடியாது. அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

மறுநாள் காலையில் அம்மா கூழோடு வந்தாள். பொழுதன்னைக்கும் என்னை 'ஏலே' என்று கூப்பிடுகிற வாய் அது. "வாங்க தாயே, செத்த எந்திரிச்சுக் குடிங்க," என்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிரிக்கலாமா என்று பார்த்தேன். அம்மாவின் கண் என் முகத்தில் இல்லை, என் நெற்றிக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தது. அங்கே யாரோ இருப்பது போல அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? அம்மாவை உட்காரவைத்து லேப்டாப்பைக் காட்டி, நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லி முடித்திருப்பான். முதலாம் கணேசன் வேறு கணக்குப் போட்டார். அம்மை போட்டவன் மில்லுக்குப் போக வேண்டாம். அம்மை போட்டவன் என்ன கேட்டாலும் மறுக்கக் கூடாது. இளநீர் கேட்டேன், வந்தது. நுங்கு கேட்டேன், அதுவும் வந்தது. "தாயி வெளையாடணும்னு கேக்கா," என்று அம்மாவே லேப்டாப்பைத் துடைத்துக் கொண்டுவந்து வேப்பிலைப் படுக்கையில் வைத்தாள். நாள் முழுக்க ஆட்சி செய்யும் பாக்கியம் உலகத்தில் எந்த மில் சூப்பர்வைசருக்குக் கிடைக்கும்? வளைகாப்புக்கு முன்னால் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்று இருந்தேன்.

அன்று சாயங்காலம் மகாலட்சுமி போன் பண்ணினாள்.

"அத்தை வளைகாப்ப தள்ளிவைக்கணும்ங்காக. ஒங்களுக்கு ஒடம்புல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல. கேம்ல பேசினத அம்மா கேட்டுட்டாக."

"அப்ப அத்தைகிட்டச் சொல்லுங்க."

"சொன்னேன், கேக்க மாட்டேங்காக," என்றேன். ஒரே ஒரு தடவை சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க. போன தடவை மாதிரி ஏதாவது தள்ளிப்போச்சுன்னாலே எனக்குப் பயம். வளையல் எடுத்துவச்சுட்டேன். ஞாயித்துக்கெழம வருவேன்." வைத்துவிட்டாள். அவள் அழுதிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் லேப்டாப்பைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த மஞ்சள் உடைக்காரி அங்கேயே நின்றாள். கோட்டைக் கதவுக்கு வெளியே, அதே சாய்வில். விளையாட்டில் பொழுது விடிந்தது, அடைந்தது, பனி பெய்தது. மற்றவர்கள் தோளில் பனி விழுந்தது. அவள் மேல் விழவில்லை. காளிராஜைக் கேட்டேன். "எனக்கு ஒருத்தியும் தெரியலலே. ஒன் கேட் பக்கம் காலியாத்தான் கெடக்கு," என்றான். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கம்மாகிட்டச் சொன்னேன். அவிய ஒன்கூட இப்போதைக்கு வெளாட வேண்டாம்னு சொல்லுதாக." சொல்லிவிட்டு லைனை விட்டுப் போனான். இரும்பு வரத்தும் அதோடு நின்றது.

வியாழக்கிழமை உச்சிக்குக் கணேசபுரத்தில் உப்பு தீர்ந்தது. வியாபாரிகளின் வண்டிகள் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றன. ஜனங்கள் என்மேல் விசுவாசம் இழந்துகொண்டிருந்தார்கள். (மேனேஜர் உட்பட. பன்றிகளையும் விட்டுவிட்டு நின்றார்.) வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தேன். வண்டிகள் நகரவில்லை. முதலில் நகர்ந்தது அவள்தான்.

அவள் நடந்து நான் பார்த்தது அப்போதுதான். மெதுவாக வந்தாள். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்றாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டின் மேல் ஒரு சின்னத் தொட்டில் படம் இருக்கும். அவள் நின்று நகர்ந்த வீட்டில் தொட்டில் இருக்காது. நான் கதவை மூடினேன், சிப்பாயை அனுப்பினேன், விளையாட்டை நிறுத்தப் பார்த்தேன். எதைத் தொட்டும் அவள் நிற்கவில்லை. தெருத்தெருவாக வந்து, அரண்மனை வாசலில் நின்றாள். கட்டம் விரிந்தது. 'ராணி மகாலட்சுமி, காலமானார். வாரிசு, இல்லை.'

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துப்போனது, ஒயர் இருந்தால்தான் உயிர். திரை கறுப்பானது. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது, முகத்துக்குப் பின்னால் அம்மா கட்டிய வேப்பங்கொத்தும் தெரிந்தது. ஃபேன் நின்ற அறையில் வேப்பிலை வாசமும் மஞ்சள் வாசமும் கனத்துக் கிடந்தன. முதுகில் வேர்வை வழிந்தது, ஆனால் குளிர்ந்தது. போனை எடுத்து மகாலட்சுமியைக் கூப்பிட்டேன். வகுப்பில் இருப்பாள், எடுக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிடுகிற வரைக்கும் நான் எந்தெந்த சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பதை இங்கே சொன்னால் மானம் போகும். "சாப்ட்டியா, தண்ணி குடிச்சியா," என்று மட்டும் கேட்டேன். "ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்பைத் தொடவில்லை. உச்சி வேளை. அம்மா பின்கட்டில் இருந்தாள். தெருவில் சத்தமே இல்லை. காற்றும் இல்லை. கேட்டின் கொண்டி ஒரு தடவை குலுங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே மஞ்சள் சேலையில் ஒருத்தி நின்றாள். தலையில் முக்காடு. வெயில் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். அசையவில்லை.

ஓடவும் முடியவில்லை, சாமி கும்பிடவும் தோன்றவில்லை. கடைசியில் வாயைத் திறந்தபோது வந்தது இதுதான். தெருவே கேட்கக் கத்தினேன்.

"யாரு? பேரச் சொல்லு! பேரு என்ன? தொழில் என்ன?"

மஞ்சள் சேலை திடுக்கிட்டது.

"என்னங்க இது? மகாலட்சுமி. டீச்சர்," என்றாள்.

அவர்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை டீச்சர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டுவார்கள். அந்த வாரம் மஞ்சள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். வயிற்றுப் பாரத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அவளுக்கு அப்போது வழக்கம். மதிய இடைவேளையில் கூட வேலை பார்க்கும் டீச்சரின் காரில், அத்தையிடம் நேரில் பேசி வளைகாப்பை நடத்தியே தீருவது என்று வந்திருந்தாள். கார் தெருமுனையில் நின்றது.

"கேட்டத் தெறங்க. நான் அத்தைகிட்டப் பேசிக்கிறேன்."

நான் எழுந்து வாசற்படி வரைக்கும் போனேன். இன்னும் நாலடி நடந்து கேட்டின் கொண்டியை எடுத்தால் முடிந்தது. எனக்கு அந்தத் தொட்டில் படங்கள்தான் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றாக இல்லாமல் போனது ஞாபகம் வந்தது. நான் கதவைத் திறந்ததால்தானே எல்லாம் போயிற்று? இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கால் நகரவில்லை.

"உள்ள வராத," என்றேன்.

"என்ன?"

"வராத மகா. அங்கனயே நில்லு. இல்ல, நிக்காத, போயிரு. தயவுசெஞ்சு போயிரு."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "தாயி, நீ வரப்பிடாதும்மா. மாசமா இருக்கவ இந்த வாசல மிதிக்கப்பிடாது," என்று கெஞ்சினாள். மகாலட்சுமி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். உடம்பில் ஒரு பொட்டு இல்லாமல், இளநீர் குடித்த தெம்போடு, தன் பெண்டாட்டியை வெயிலில் நிறுத்தி விரட்டுகிற ஒருத்தனை.

"சரி. ஒங்க கோட்டை, ஒங்க ராஜ்யம். நீங்களே ஆளுங்க," என்றாள். திரும்பி நடந்தாள். மஞ்சள் சேலை தெருமுனை வரைக்கும் மெதுவாகப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்தது கிடையாது.

அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை காலையில் காதோரம் ஒன்று, நெஞ்சில் ஒன்று, பொழுது ஏறுவதற்குள் முதுகெல்லாம். சிவப்பாக, நீர் கோத்து. நிஜமான அம்மை. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொண்டுவந்து பூசினாள். ஆச்சரியமே படவில்லை.

"எம்மா, நெசமாவே போட்டிருக்கும்மா," என்றேன்.

"நாந்தான் செவ்வாக்கெழமையே சொன்னேன்லா," என்றாள்.

மில்லில் யாரிடமிருந்தோ இரண்டு வாரத்துக்கு முன்பே தொற்றியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மகாலட்சுமிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. அவளுடைய டாக்டர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். கொப்புளம் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றும், வீட்டுக்குள் போனீர்களா, பக்கத்தில் உட்கார்ந்தீர்களா, கூடச் சாப்பிட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். "அவுக என்னைய உள்ளயே விடல டாக்டர்," என்று இவள் சொன்னாளாம். "நல்ல மனுஷன். பொழைச்சீங்க," என்றாராம். அதைப் போனில் என்னிடம் சொல்லும்போது மகாலட்சுமி அழுதாள். நானும் அழுதேன், கொப்புளத்தில் கண்ணீர் பட்டு எரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "அன்னைக்கு என்னப் பாத்து யாருன்னு நெனச்சீங்க?" சொன்னேன். "பேரும் இல்லாம தொழிலும் இல்லாமயா நின்னா? பாவம்," என்றாள்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். கணேசபுரம் இருந்தது, ஜனம் இல்லை. அவளும் இல்லை. புதிதாக வந்த அப்டேட்டில் யாத்திரை போகிற பெண் என்று ஒரு பொம்மையைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் காவி நிறம், அவளுக்குப் பெயரும் உண்டு என்று காளிராஜ் கண்டுபிடித்துச் சொன்னான். என் திரை கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், அதுதான் காரணம் என்றான். அப்படியென்றால் பனி ஏன் வெள்ளையாகத் தெரிந்தது என்று கேட்டேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

வளைகாப்பு தள்ளி, மடவார் வளாகத்தில் நடந்தது. பெண் பிறந்தாள். அம்மா யாரையும் கேட்காமல் மாரி என்று பெயர் வைத்தாள், யாரும் வேறு பெயர் சொல்லவுமில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா கேட்டைத் தட்டுவதில்லை. "காளிராஜ், நைட்டி யாவாரம்! தெறக்கலாமா மகாராஜா?" என்று கத்துவான். ஓபுளம்மா அக்கா தொழில் என்ற இடத்தில் "சும்மா இருக்கேன்" என்பார். சிலிண்டர் போடுகிறவருக்குக்கூட யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மகாலட்சுமி தினமும் சாயங்காலம் பஸ் இறங்கி வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "மகாலட்சுமி, டீச்சர்," என்று அலுப்பே இல்லாமல் சொல்வாள். நான் ஓடிப்போய்த் திறக்காவிட்டால் அதற்கு ஒரு தனி சண்டை.

இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் ஒரு நாள் மதியம் நான் கட்டிலில் படுத்திருந்தேன். உச்சி வெயில், காற்று இல்லை, தெருவில் சத்தமே இல்லை. கேட்டின் கொண்டி குலுங்கியது. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பாவாடை, தலையில் துண்டு, முகம் தெரியவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து அசையாமல் நின்றது.

"யாரு?" என்றேன்.

"அப்பா, நான்தான். பேரு மாரி," என்று வெளியே இருந்து சத்தம் வந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொழில் இன்னும் இல்ல," என்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.